மாமாவுக்குத் தெரியாத ஓரம்

முத்துச்செல்வியின் சின்ன மாமாவைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. அவரைப் போலக் கூர்மையான கண் யாருக்கும் கிடையாது என்பார்கள். அவரைப் போலத் தலைக்கனம் பிடித்தவரும் கிடையாது என்பார்கள்.

சின்ன மாமாவின் பெயர் இசக்கிதுரை. புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் தையல்காரர். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து, விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு வந்துவிடுவார். அக்கா பாலம்மாள் வீட்டில்தான் தங்குவார். பாலம்மாள்தான் முத்துச்செல்வியின் அம்மா.

ஊசியில் நூல் கோக்க மாமாவுக்கு ஒரு தடவை போதும். தீப்பெட்டியில் அச்சடித்திருக்கும் பொடி எழுத்தையும் கடகடவென்று வாசிப்பார். ஆனால் பக்கத்தில் நின்று யாராவது கும்பிட்டால் கண்டுகொள்ளவே மாட்டார். காபியை நீட்டினால் வாங்க மாட்டார். நீட்டியவருக்குக் கை கடுத்து, "ஏலே, பிடிலே" என்று அதட்டிய பிறகுதான் திரும்புவார். நடக்கும்போது குடம், முக்காலி, கோழிக்கூடு எதையாவது இடித்துவிடுவார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன வருஷம் நடந்ததுதான் பெரிய வினையாகப் போய்விட்டது.

அண்ணன் சோலைமுத்து, அதாவது முத்துச்செல்வியின் பெரிய மாமா, புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, தம்பிக்கென்று எடுத்த வேட்டியையும் துண்டையும் நீட்டினார். தம்பி திரும்பிக்கூடப் பார்க்காமல் அவரைத் தாண்டிப் பந்திக்குப் போய்விட்டார். சபையில் நீட்டிய வேட்டியை வாங்காமல் போவது அந்தப் பக்கத்தில் முகத்தில் அறைந்ததற்குச் சமம். அன்றோடு அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது.

நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தது பாலம்மாள்தான். பொங்கல் அன்று அண்ணனும் தம்பியும் ஒரே இலை வரிசையில் உட்கார மாட்டோம் என்று சொன்னபோது, அவள் அடுப்படியில் போய் அழுதாள். முத்துச்செல்வி அதைப் பார்த்தாள். இரண்டு மாமாவையும் அவளுக்குப் பிடிக்கும். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் அவளும் கொஞ்சம் அழுதாள்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதுரையிலிருந்து கண் ஆராய்ச்சிக் குழு ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்தான் வருகிறவர்களை வரிசையில் நிறுத்த வேண்டும். முத்துச்செல்விக்கு இரண்டாம் மேசைக்குப் பக்கத்தில் வேலை.

முதல் மேசையில் எழுத்து அட்டையை வாசிக்க வேண்டும். சின்ன மாமா வந்தார். கடைசி வரி வரை மூச்சு விடாமல் வாசித்தார்.

"இதுக்குக் கீழ அச்சாபீஸ் பேரு இருக்கு. அதையும் வாசிக்கட்டுமா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நமக்கு எதுக்கு இது? கண்ணு தெரியாதவியளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் மேசைக்கு வராமலே வெளியே நடந்தார். போகிற போக்கில் தண்ணீர் வாளியை உதைத்துக் கவிழ்த்துவிட்டார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

முத்துச்செல்வி சிரிக்கவில்லை. காலையிலிருந்து அவள் இரண்டாம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே டாக்டர் காளீஸ்வரி ஒவ்வொருவரிடமும், "என் மூக்கையே பாருங்க. பக்கத்திலிருந்து என் விரல் வரும். தெரிஞ்சதும் சொல்லுங்க" என்றார். டாக்டர் கையை விரித்த உடனேயே எல்லோரும் "தெரியுது" என்றார்கள்.

வாளி அவ்வளவு பெரியது. சிவப்பு நிறம் வேறு. அது மாமாவுக்கு ஏன் தெரியவில்லை?

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடினாள். மாமா கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு விளையாட்டு. என் மூக்கையே பாருங்க. நூல்கண்டு தெரிஞ்சதும் சொல்லணும்."

"உன் மூக்குல என்னட்டி இருக்கு பாக்கிறதுக்கு?"

"பாருங்க மாமா."

சிவப்பு நூல்கண்டைப் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். மாமா சும்மா இருந்தார். கையை மெதுவாக முன்னால் கொண்டு வந்தாள். அப்போதும் சும்மா இருந்தார். நூல்கண்டு அவள் கன்னத்தைத் தொடப் போகும்போதுதான், "இந்தா, வந்துட்டு" என்றார்.

முத்துச்செல்வி இடது கையிலும் செய்து பார்த்தாள். அதேதான்.

"மாமா, பெரிய மாமா வீட்டுப் பால் காய்ச்சுல வேட்டி நீட்டினாங்களே, அது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

மாமா ஊசியைக் கீழே வைத்தார். "எந்த வேட்டி?"

"உங்களுக்குத்தான் மாமா. நீங்கதான் வாங்காமப் போயிட்டீங்க."

"எனக்கு எங்கட்டி குடுத்தாவ? வந்தவங்க போனவங்களுக்கு எல்லாம் வேட்டி. கூடப் பொறந்த எனக்கு மட்டும் இல்ல. அதை வாய் விட்டுக் கேட்டா நல்லாவா இருக்கும்னுதான் பேசாம இருக்கேன்."

முத்துச்செல்வி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். என்னவோ சரியில்லை என்று மாமாவுக்கும் பட்டிருக்க வேண்டும். அவரும் எதிர்த்துப் பேசாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பின்னாலேயே பாலம்மாளும் வந்தாள்.

டாக்டர் காளீஸ்வரி மாமாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கு வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இருட்டுல சின்ன வயசிலேருந்தே தடுமாறுவீங்களா?"

"ஆமா டாக்டரம்மா," என்று பாலம்மாள் முந்திக்கொண்டாள். "மாலைக்கண்ணுன்னு சொன்னாவ. ஞாயித்துக்கிழமை தவறாம ஆட்டு ஈரல் வாங்கிக் குடுத்தோம். முருங்கைக்கீரையும் குடுத்தோம். இன்னைக்கும் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சத்துக் குறைவால வர்ற மாலைக்கண்ணுக்கு அது நல்லதும்மா. இது வேற. கண்ணுக்குள்ள பின்பக்கம் விழித்திரைன்னு மெல்லிசா ஒண்ணு இருக்கு. நாம பாக்கிறது எல்லாம் அதுலதான் விழும். இவருக்கு அந்தத் திரையோட ஓரம் முதல்ல பழுதாயிருக்கு. புஞ்சையில வரப்போரத்துச் செடி முதல்ல வாடும் இல்லையா, அப்படி. நடுவுல நல்லாயிருக்கு. அதனாலதான் நேரா இருக்கிற பொடி எழுத்தும் தெரியுது, பக்கத்துல இருக்கிற வாளி தெரியலை."

மாமா, "மத்தவங்களுக்குப் பக்கத்துல இருக்கிறதும் தெரியுமா?" என்று கேட்டார்.

அதைக் கேட்டதும் பாலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார்.

"மருந்து இருக்கா?"

"இப்போ இல்லை," என்றார் டாக்டர். பொய் சொல்லி ஆறுதல் தருகிறவர் இல்லை அவர். "அதைத் தேடித்தான் ஊர் ஊரா வர்றோம். இது குடும்பத்துல வழிவழியா வர்ற நோய். இது இருக்கிறவங்க ரத்தமும் வேணும், கூடப் பிறந்து இது இல்லாதவங்க ரத்தமும் வேணும். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாத்தான் எந்த இடத்துல மாறியிருக்குன்னு கண்டுபிடிக்கலாம். அக்காகிட்ட இப்பவே எடுத்துக்கலாம். அண்ணன் தம்பி இருக்காங்களா?"

"அண்ணன் இருக்காவ," என்றார் மாமா. "வர மாட்டாவ."

"அஞ்சு மணிக்கு வேன் கிளம்பிடும்," என்றார் டாக்டர்.

முத்துச்செல்வி அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

பெரிய மாமா முற்றத்தில் காயப்போட்ட மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தார். முத்துச்செல்வி மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

"அவனுக்கா கண்ணு தெரியல? எறும்புக்கு எத்தனை காலுன்னு எண்ணிச் சொல்லிருவான். ஏட்டி, போயி வேலையப் பாரு."

சொல்லிப் புரியாது என்று முத்துச்செல்விக்குத் தெரிந்துவிட்டது. அவள் பாவாடைப் பையில் நூல் தீர்ந்த அட்டைக் குழல்கள் இரண்டு இருந்தன. சின்ன மாமா விளையாடக் கொண்டு வந்து கொடுப்பவை.

"பெரிய மாமா, இதை ரெண்டு கண்ணுலயும் வச்சுக்கிட்டு அந்தச் சுவர் வரைக்கும் நடங்க. நடந்துட்டீங்கன்னா நான் போயிருதேன்."

"நான் கட்டுன வீட்டுல எனக்கு வழி தெரியாதாக்கும்?" என்று சொல்லி அவர் குழல்களைக் கண்ணில் வைத்தார்.

முதல் எட்டிலேயே மிளகாய் வற்றலை மிதித்தார். அடுத்து, கட்டிக் கிடந்த ஆட்டின்மேல் மோதினார். ஆடு அவரைவிடப் பயந்து கத்தியது. "எவ இங்கன குடத்தை வச்சது?" என்று அவர் அதட்டும்போதே குடம் உருண்டது. உள்ளே இருந்து எட்டிப் பார்த்த அத்தை பத்திரகாளிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

எப்படியோ சுவரைத் தொட்டார். குழல்களை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

அவர் நடந்து வந்த வழியில், ஓரமாக முத்துச்செல்வி நின்றிருந்தாள். கொடியில் கிடந்த அவருடைய துண்டை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டியபடி நின்றாள்.

"எப்பட்டி அங்கன வந்த?"

"நீங்க நடக்கும்போதே நீட்டிக்கிட்டுத்தான் நிக்கேன் மாமா. நீங்க வாங்காமப் போயிட்டீங்க."

பெரிய மாமா அந்தத் துண்டையே பார்த்தார். அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

"சின்ன மாமாவுக்கு நீங்க வேட்டி எடுத்ததே இன்னைக்குத்தான் தெரியும்," என்றாள் முத்துச்செல்வி. "தனக்கு மட்டும் நீங்க குடுக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்காவ."

பெரிய மாமா துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தார். மிளகாய் நெடி என்று அத்தையிடம் சொன்னார். பிறகு சட்டையைக்கூட மாட்டாமல் பள்ளிக்கூடத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

பள்ளிக்கூடத்தில் சின்ன மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெரிய மாமா முதலில் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். தம்பி திரும்பவில்லை. பெரிய மாமாவுக்கு உடனே நினைவு வந்தது. சுற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்து, நேருக்கு நேராக நின்றார்.

"துரை."

"அண்ணே."

பெரிய மாமா டாக்டர் பக்கம் கையை நீட்டி, "எடுங்கம்மா, எவ்வளவு வேணுமோ எடுங்க" என்றார். மிளகாய் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவர், ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அதைப் பார்த்துச் சின்ன மாமா சிரித்தார். பிறகு டாக்டர் விளக்கு வைத்துப் பெரிய மாமாவின் கண்ணையும் பார்த்தார்.

"அண்ணனோட விழித்திரை நல்லாயிருக்கு. ரெண்டு பேர் ரத்தமும் எங்களுக்கு ரொம்ப உதவும்," என்றார் டாக்டர். "எப்போ பதில் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா தேடிக்கிட்டே இருப்போம்."

சின்ன மாமா தலையாட்டினார். "தேடுங்கம்மா. எனக்குப் பொறவு வர்ற பிள்ளைகளுக்காவது ஆகட்டும்."

வேன் போனபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. நால்வரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பெரிய மாமா தம்பியின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"வலப்பக்கம் சைக்கிள் நிக்கி. இடப்பக்கம் கல்லு. வலப்பக்கம் பூவனநாதன் கடை, அவன் உன்னைப் பாத்து இளிக்கான், நீயும் இளி. இடப்பக்கம் எருமை. படுத்துத்தான் கிடக்கு, பயப்படாத."

"அண்ணே, கொஞ்சம் மூச்சு விட்டுக்கோங்க," என்றார் சின்ன மாமா.

"நீ சும்மா வாலே. வலப்பக்கம் வேலி."

பின்னால் வந்த முத்துச்செல்விக்கும் அம்மாவுக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஒரு வருஷமாகப் பேசாமல் அடக்கி வைத்திருந்ததை எல்லாம், வீடு போய்ச் சேர்வதற்குள் பேசித் தீர்த்துவிடுவது என்ற முடிவோடு பெரிய மாமா பேசிக்கொண்டே போனார்.