எடித் பார்லோ சொல்லி முடிக்காதது

ஐந்தாவது கசெற்றின் நடுவில்தான் இரஞ்சிதத்துக்கு அது உறைத்தது. ஒலிநாடாவில் பேசிக்கொண்டிருந்த கிழவி, இரஞ்சிதம் 'ம்' சொல்வதற்காக நின்று நின்று பேசினாள்.

யாராவது கதை சொன்னால் 'ம்' கொட்டுவது இரஞ்சிதத்துக்குப் பிறவிப் பழக்கம். யாழ்ப்பாணத்தில் அவர்கள் வீட்டில் 'ம்' வராவிட்டால் சொல்பவருக்குக் கோபம் வந்துவிடும், கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். மெல்பேர்னுக்கு வந்து இரண்டு வருடமாகியும் அது விட்டுப்போகவில்லை. வானொலியில் செய்தி வாசிப்பவருக்கும் 'ம்' போடுவாள். "அந்த மனுசனுக்கு நீர் கேக்கிறது தெரியாது, இரஞ்சி. சும்மா மினக்கெடாதையும்" என்று கணவன் விக்னராஜா பகிடி பண்ணுவான்.

வேலை என்னவோ லேசானதுதான். நோபல் பார்க் வீட்டின் குசினி மேசையிலிருந்தே செய்யலாம். பார்லோ கிராசிங் என்ற சிற்றூரின் சரித்திரச் சங்கம் நூற்றாண்டு மலர் போடுவதற்காக, அந்த ஊரை உண்டாக்கிய குடும்பத்தின் கடைசி ஆளான மிஸ் எடித் பார்லோவின் வாழ்க்கையை ஆறு கசெற்றுகளில் பதிவு செய்திருந்தது. இரஞ்சிதம் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கவேண்டும். சங்கம் பதிவு செய்தது என்பதும் பேச்சுக்குத்தான். எண்பத்தேழு வயதுக் கிழவியோடு குந்தியிருக்க அங்கே ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. மெஷினைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, எந்தப் பொத்தானை அமத்துவது என்று காட்டிவிட்டு வந்துவிட்டார்கள். கிழவி எதிரே, யாரும் உட்காராமல் கிடந்த வெறும் கதிரைக்குத் தன் வாழ்க்கையைச் சொன்னாள். 1976 ஏப்ரலில் செத்துப்போனாள். வாசற்படியில் ஏழு நாள் பால் போத்தல்கள் சேர்ந்த பிறகுதான் ஊருக்கு அது தெரியவந்தது.

வெறும் கதிரைக்குச் சொன்னவள், யாருடைய 'ம்'முக்காகக் காத்திருந்தாள்?

முதல் நாலு கசெற்றுகளையும் இரஞ்சிதம் மனம் வைத்துத்தான் கேட்டிருந்தாள். பாட்டனார் ஆயிரம் செம்மறிகளோடு வந்தபோது நிலம் யாருமில்லாமல் கிடந்ததாம். அதற்கு மட்டும் 'ம்' சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஆற்றங்கரையில் எரிந்து கிடந்த பூர்வகுடிகளின் குடிசைகளைப் பற்றிக் கிழவியே வாய்தவறி ஒரு வார்த்தை விட்டிருந்தாள். மற்றதெல்லாம் தனிமைதான். படுக்கையில் விழுந்த தகப்பனைப் பதினெட்டு வருடம் பார்த்தது, பெண் பார்க்க வந்த கம்பளி வியாபாரி அவள் பேச்சின் பாதியிலேயே தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனது. "நான் வாயைத் திறந்தால் எல்லாருக்கும் தேநீர் ஆறிவிடும்" என்று கிழவி சொன்னபோது இரஞ்சிதத்துக்கு அழுகை வந்தது. பாவம், இனியாவது ஒருத்தி கேட்கட்டும் என்று மனமறிந்துதான் 'ம்' கொட்டினாள்.

அன்று வியாழக்கிழமை. விடியற்காலையிலிருந்தே நாலு வயது மகள் கமலினிக்குக் காய்ச்சல்.

"பிள்ளைக்குத் தொண்டை சரியா நோகுது போல. இண்டைக்கு வீட்டிலை நிக்க ஏலாதே?" என்று விக்னராஜாவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"ஒஃபிசிலை ட்ரோயிங் எல்லாம் இண்டைக்குக் குடுக்கவேணும், இரஞ்சி. நாலரைக்கே வெளிக்கிட்டிடுவன். வந்த உடனை டொக்டரிட்டைக் கொண்டு போவம். போட்டு வாறன்."

காரும் அவனோடு போய்விட்டது. டெலிபோன் அடுத்த கிழமைதான் வரும். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வேலைக்குப் போய்விடுகிற தெரு அது.

பின்னேரம் மூன்று மணி. தகரக் கூரையில் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது, மண்ணெண்ணெய் ஹீற்றரின் மணம் குசினி முழுவதும் தொண்டையைக் கரகரக்க வைத்தது, திறந்திருந்த அறைக்கதவு வழியாகக் கமலினி மூச்சு விடுவது ஈரத் துணியை இழுப்பதுபோலக் கேட்டது. ஹெட்ஃபோனுக்குள் கிழவியின் குரலுக்குப் பின்னால் ஒரு கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

இரஞ்சிதம் வேண்டுமென்றே 'ம்' சொல்லாமல் இருந்து பார்த்தாள்.

குரல் நின்றது. கசெற்றின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. கெட்டில் கொதித்தது. அரை நிமிடம் போயிற்று. ஒரு நிமிடம். யாரோ கதிரையில் முன்னால் சரிந்து உட்காருகிற கிறீச் சத்தம்.

"இருக்கிறாயா?" என்றாள் கிழவி.

"ம்" என்றுவிட்டாள் இரஞ்சிதம். யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

"நல்லது. யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்லை."

ஹெட்ஃபோனைக் கழற்றவேண்டும் என்று நினைத்தாள். கை மேசையிலேயே கிடந்தது. கிழவி இப்போது தங்கை ஐவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தாள். ஐவிக்கு நாலு வயது. தொண்டையடைப்பான் வந்து கிடந்தாள். டொக்டர் வரமுடியாதபடி ஆற்றில் வெள்ளம் பெருகியிருந்தது. எட்டு வயது எடித் கட்டிலருகே கதிரையைப் போட்டுக்கொண்டு, தங்கையின் கையைப் பிடித்தபடி, விடிய விடியக் கதை சொன்னாள்.

"அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு ஒரு இடத்தில் பதில் வரவில்லை. நான் நிறுத்தவில்லை. கதை முடியவில்லையே, எப்படி நிறுத்துவது? கை குளிர்ந்தபிறகும் சொன்னேன். அதற்குப் பிறகு கடைசிவரை கேட்க எனக்கு யாருமே கிடைக்கவில்லை."

கெட்டிலின் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"ஏப்ரலில் அடுப்பருகே விழுந்தேன். தரை குளிர். முதல் நாள் பால்காரன் போத்தலை வைத்துவிட்டுப் போனான். கூப்பிட்டேன். இரண்டாம் நாள் கூப்பிட முடியவில்லை. மூன்றாம் நாள் ஈக்கள் வந்தன. ஐந்தாம் நாள்..."

இரஞ்சிதம் ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள். பொத்தானை அமத்தினாள். சுவரிலிருந்து வயரை இழுத்தாள். கசெற்றை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மழை. வேறொன்றுமில்லை.

பிறகு அறைக்குள்ளிருந்து, சின்னக் குரலில்:

"ம்."

ஓடினாள். கமலினி கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. கட்டிலருகே கிடந்த கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடுப்பு மடித்து வைக்கிற கதிரை. உடுப்புகள் எல்லாம் ஒழுங்காகத் தரையில் இறக்கி வைக்கப்பட்டிருந்தன.

"கமலி! ஆரோடையம்மா கதைக்கிறாய்?"

"ஷ்ஷ், அம்மா. அன்ரி கதை சொல்றா." குழந்தை தலையை ஆட்டினாள். "ம்."

"படுங்கோ ராசாத்தி. ஒருத்தரும் இல்லை. பாருங்கோ, ஒருத்தருமில்லை."

"ஷி இஸ் நொட் ஃபினிஷ்ட்."

அள்ளித் தூக்கினாள். உடம்பு நெருப்பாகச் சுட்டது. வாசலுக்கு ஓடினாள், கேற் வரைக்கும் ஓடினாள். மழையில் தெரு வெறிச்சென்று கிடந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். கத்தினாள். தோளில் கிடந்த குழந்தை, அவள் காதருகே, நிதானமாக இடைவெளி விட்டு விட்டு, "ம்... ம்..." என்றாள். பிள்ளை நனைந்து நடுங்கத் தொடங்கியதும் வேறு வழியின்றித் திரும்பவும் உள்ளே தூக்கி வந்தாள்.

குழந்தையின் வாயைப் பொத்திப் பார்த்தாள். உள்ளங்கைக்குள் அது அதிர்ந்தது. 'ம்.' கையை எடுத்துவிட்டாள்.

ஐவிக்குச் சொன்ன கதை எப்படி முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். அதுதான் தாங்கமுடியவில்லை.

சுவர் மணிக்கூட்டில் நாலு மணி. விக்னராஜா வந்துசேர ஐந்தரையாகும்.

கட்டிலில் ஏறி, பிள்ளையை மடியில் கிடத்தி, கதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கமலினியின் கையை இறுக்கிப் பிடித்தாள். தானே சொல்லத் தொடங்கினாள். வேறு குரல் கேட்காதபடி, வேகமாக.

"இஞ்சை பாருங்கோ. அம்மா சொல்றன், அம்மாவைக் கேளுங்கோ. நீங்கள் பிறந்த அண்டைக்கு ஆசுப்பத்திரியிலை கரண்ட் இல்லை. நேர்ஸ் டோர்ச் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அந்த டோர்ச்சும் அணைஞ்சு போச்சு..."

நிறுத்தினாள். காத்திருந்தாள்.

கமலினியின் கண்கள் கதிரையை விட்டு மெல்லத் திரும்பின. தாயின் முகத்துக்கு வந்தன. "ம்" என்றாள்.

இரஞ்சிதத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ஓம்! ஓம் ராசாத்தி! இருட்டுக்குள்ளைதான் நீங்கள் பிறந்தனீங்கள். முகம் தெரியேல்லை. அழுத சத்தம் மட்டும் கேட்டுது..."

காத்திருந்தாள். நெடுநேரம்.

"ம்."

மூச்சுத்தான் அது. குரலில்லை.

"பிறகு அப்பா எங்கையோ போய் ஒரு அரிக்கன் லாம்பு கொண்டு வந்தவர். அப்பதான் உங்கடை முகத்தை முதன்முதலாப் பாத்தனான்."

நிறுத்தினாள்.

மழை ஓய்ந்துவிட்டது. அந்த இழுப்பு மூச்சுச் சத்தமும் கேட்கவில்லை. கைக்குள் இருந்த கை சூடாக இல்லை. பிறகு இளஞ்சூடாகவும் இல்லை.

"கமலி. முகத்தைப் பாத்தனான் எண்டு சொன்னனான். கேட்டதே?"

ஒன்றுமில்லை.

"கேட்டதே ராசாத்தி?"

முதுகுக்குப் பின்னால் கதிரை கிறீச்சிட்டது. யாரோ அதில் முன்னால் சரிந்து வசதியாக உட்கார்ந்தார்கள். அவளுடைய பிடரிக்கு மிக அருகில், கிழட்டுக் குரலில், ஆசையாக:

"ம்."