வாய் வழியாக எதுவும் கூடாது

"அந்த ஃப்ளாஸ்க்கைத் திறந்தீங்கன்னா அது ஜன்னல் வழியா வெளிய போயிடும் அண்ணி. சொல்லிட்டேன்."

காலை ஏழு மணி. வார்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இப்படியும் பேச வரும் என்று அதைச் சொன்ன தையல்காரிக்கே அதுவரை தெரியாது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் நாத்தனார் முன்னால் அவள் உரக்கத் தும்மியதுகூட இல்லை.

கட்டிலில் அவள் கணவர். காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். நான்கு தெருவுக்குக் கேட்கும் தொண்டை என்பதால் ஊருக்கெல்லாம் 'மைக்செட்'. நேற்று மதியம் ஏலத்தின் நடுவிலேயே பக்கவாதம் அடித்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தலைமாட்டில் ஓர் அட்டை: 'வாய் வழியாக எதுவும் கூடாது.' அவரால் சரியாக விழுங்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கும்வரை தண்ணீர்கூடக் கிடையாது. கையில் குளுக்கோஸ் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. சோதிக்கிற நர்ஸ் நேற்று மாலையே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"தண்ணி..." என்றார் அவர் குழறலாக. மனைவியைப் பார்த்த பார்வையில் வெறுப்பு கொதித்தது.

"கேக்குதா? எதிரி தவிச்சாக்கூட தண்ணி இல்லைன்னு சொல்ல மாட்டாங்கடி," என்றாள் நாத்தனார். "எங்கம்மா போனப்ப இவனுக்கு நாலு வயசு. இந்தக் கையால ஊட்டி வளர்த்தேன். நேத்து வந்தவ நீ எனக்குச் சட்டம் சொல்றியா?"

"இருபத்து மூணு வருஷமா நான் நேத்துதான் வந்திருக்கேன். இருந்துட்டுப் போறேன். ஆனா இப்ப கீழ போய் அந்த நர்ஸைக் கையோட கூட்டிட்டு வருவேன். அதுவரைக்கும் அவர் வாய்கிட்ட எதுவும் போகக் கூடாது."

"போ, போ. காயப் போட்டே கொல்லு."

முதல் மாடியில் நர்ஸை வழிமறித்தாள்.

"மூணு புது கேஸும்மா. முடிச்சிட்டு வரேன்."

"என் வீட்டுக்காரரும் நேத்து புது கேஸ்தான். பழசாக்கிட்டீங்க. இப்ப வரீங்களா, இல்ல, இந்தப் படியிலேயே உக்காந்துக்கட்டுமா?"

நர்ஸ் வந்தாள்.

பத்தே நிமிடம். அதற்குள் ஃப்ளாஸ்க் மூடி காலியாகியிருந்தது. நாத்தனார் முகத்தில் தேர்தலில் ஜெயித்த சிரிப்பு.

"மூணு மடக்கு காபி. ஒரு இருமல் உண்டா, ஒரு செருமல் உண்டா? அந்த அட்டையைக் கொண்டுபோய் அடுப்புல போடு."

 தையல்காரி கணவரிடம் குனிந்தாள். "என்னங்க... ஏதாவது பேசுங்க."

"நல்லா... இருந்துச்சு."

 நேற்றும் குழறல்தான், ஆனால் அது காய்ந்த குரல். இது தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கொழகொழவென்று வந்தது.

"இது அவர் குரல் இல்ல சிஸ்டர்."

நர்ஸ் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, "ஆ சொல்லுங்க," என்றாள். காது கொடுத்துக் கேட்டாள். எடுத்த ஸ்பூனைத் திரும்ப வைத்துவிட்டாள்.

"நான் ஒரு ஸ்பூன் தண்ணியில பார்க்க வேண்டியதை யாரோ மூணு மடக்கு காபியில பாத்துட்டீங்க."

"அவன் இருமவே இல்லையே..." நாத்தனார் குரல் இறங்கியது.

"அதுதான் ஆபத்து. நமக்குப் புரையேறினா இருமல் வந்து வெளிய தள்ளிடும். இவருக்கு அது வேலை செய்யல. குடிச்சதுல கொஞ்சம் நுரையீரலுக்குப் போயிருக்கும்னு நினைக்கறேன். காய்ச்சல் வரலாம், நிமோனியாகூட வரலாம். டாக்டரைக் கூப்பிடணும். யார் குடுத்தது?"



"இவதான்..." நாத்தனார் தரையைப் பார்த்தாள். "இவதானே பக்கத்துலயே இருந்தா."

  கட்டிலிலிருந்து அவர் இடது கை மெல்ல எழுந்தது. அக்காவை நோக்கி நீண்டது. பிறகு துழாவி, மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

நாத்தனார் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "வளர்த்த கையாலயே கொன்னுட்டேனாடி நான்... ஐயோ, பொய்யும் சொல்லிட்டேனே..."

"அழாதீங்க. அழறதுக்கு எனக்கே நேரமில்ல." தையல்காரியின் குரலில் ஈரமே இல்லை. "வெளிய போங்கன்னு சொல்லத்தான் வாய் துடிக்குது. ஆனா மறுபடி டெஸ்ட் பண்றவரைக்கும் உங்க சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா பாட்டிலோட வருவாங்க. என் பேச்சு அவங்ககிட்ட எடுபடாது. உங்க பேச்சு எடுபடும். வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காருங்க."

டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். சாப்பாட்டுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். மறுநாள் காலைவரை மணிக்கொருமுறை காய்ச்சல் பார்த்தாள் தையல்காரி. ஏறவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு வாசலில் சத்தம். நாத்தனாரின் கணவர் ஜூஸ் பாட்டிலோடு நின்றார்.

"மச்சானுக்கு ஒரே ஒரு வாய்..."

"மூடுங்க, பாட்டிலையும் வாயையும். ஒரு சொட்டு உள்ள போச்சு, நீங்க வீட்டு வாசலை மிதிக்க முடியாது."

"வெறும் ஜூஸ்தானேடி? யார் சொன்னது கூடாதுன்னு?"

"அவன் பொண்டாட்டி சொன்னா. என்னைவிட அவளுக்குத் தெரியும்."

உள்ளே தையல்காரிக்குக் கேட்டது. கோபம் தீரவில்லை, அவ்வளவு சீக்கிரம் தீரவும் தீராது. ஆனாலும் அதுவரை தானும் வாசலைப் பார்த்தபடியே காவல் இருந்தவள் முதல்முறையாக அதற்கு முதுகைக் காட்டி, கணவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.