வேதமுத்துவின் சம்மதம்

செவ்வாய்க் கிரகத்தில் கையெழுத்துப் போட விரல் தேவையில்லை. மனத்துக்குள் ‘சரி’ என்று நினைத்தால் போதும். காதுக்குப் பின்னாலிருக்கும் ஒப்பச்சில்லு பச்சையாக மின்னிப் பதிந்துகொள்ளும். காற்றுக்கு ஒரு சரி, தண்ணீருக்கு ஒரு சரி. பல் துலக்கி முடிப்பதற்குள் எஸ்தர் நாற்பது சரி சொல்லிவிடுவாள்.

அவள் கணவன் வேதமுத்துவின் சில்லை மூன்று மாதமாக முடக்கி வைத்திருந்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு, அதன்பின் மொழியிழப்பு. பேச்சு காதில் விழும், பொருள் பிந்தி வரும். நீண்ட வாக்கியமென்றால் வராமலே போய்விடும். புரியாதவனின் சரி செல்லாது. அவனுக்கும் சேர்த்து எஸ்தரே சரி சொல்ல அனுமதி கிடைத்தால் அடுத்த கப்பலில் இருவரும் பூமிக்குத் திரும்பலாம். அவளுக்கு அதுதான் வேண்டும். அவனுக்கோ தான் வளர்த்த பாசித்தோட்டத்தை விட்டு வர மனமில்லை.

யாருக்கு எவ்வளவு புரிகிறது என்று அளப்பது மொழியாய்வுக் கூடம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவரும் வேண்டும் என்பதால், டாக்டர் ருக்சானா இருவரையும் உட்காரவைத்து ஏழு பக்கச் சம்மதப் படிவத்தை வாசிக்கத் தொடங்கினார். முதல் வரியிலேயே எஸ்தரின் சில்லு மின்னியது.

“முடிஞ்சிட்டு டாக்டர். அவருக்கும் நானே சொல்லிரட்டா? அவருக்கு என்ன வெளங்கவா போவுது?”

வேதமுத்து கையை உயர்த்தினான். “மறுபடி... மெதுவா.”

டாக்டர் ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்றாக உடைத்தார். அவன் அவர் உதட்டையே பார்த்தான், விரல் மடக்கினான், தவறினான், மறுபடி கேட்டான். மதியம் கடந்தது.

“பக்கத்துக்கு ஒரு மணி நேரமா? கப்பலே போயிரும் போலிருக்கே!” என்றாள் எஸ்தர்.

கடைசிப் பக்கத்தில் அவன் முகம் மாறியது. எஸ்தரைச் சுட்டினான். “கேக்காம... சரி சொன்னா... உரிமை... கேட்டவனுக்கு. வேண்டாம். பாவம்... இவ.”

ருக்சானா படிவத்தை மூடினார். “இந்தப் படிவந்தான் சோதனை. அண்ணனுக்குப் புரியுது, சில்லைத் திறந்துடலாம். அக்கா, இதுவரைக்கும் இருநூறு பேர் நோயில்லாதவங்கன்னு வந்தாங்க. ஒருத்தர்கூட முழுசா கேக்கல. கடைசிப் பக்கத்துல இருக்கிற சட்டப்படி, கேக்காம சரி சொன்னவங்க உரிமை முழுசா கேட்டவருக்கு. இனிமே உங்க சரி அண்ணன் கையில. அவர் சம்மதிக்காம நீங்க கப்பல் ஏற முடியாது.”

“சரி, சரி,” என்றாள் எஸ்தர், கைப்பையைத் தேடிக்கொண்டே. “கப்பல் என்னைக்கு, அதச் சொல்லுங்க.”

வேதமுத்து நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான். டாக்டர் சொன்னதை மூன்றாக உடைத்து, மெதுவாக, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.