கிழக்கைக் காட்டிய கை

முதலில் திரும்பியது காப்பிக் கோப்பைதான்.

வெர்னெல் டிஸ்டேல் படுக்கப் போகும் முன் கோப்பையைக் கழுவி, கைப்பிடி ஆற்றுப் பக்கத்து ஜன்னலைப் பார்க்கும்படி சமையல் மேடை மேல் வைப்பாள். காலையில் அரைத் தூக்கத்தில் கை நீட்டினால் கைப்பிடி தானாக விரலுக்குள் வர வேண்டும். அறுபத்திரண்டு வயதுக்காரிக்கு இதைவிடப் பெரிய சொகுசு என்ன இருக்கிறது? புது வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், ஜனவரிக் கடைசியில், விரல் வெறும் பீங்கானில் முட்டியது. கைப்பிடி இடது பக்கம் தள்ளிப் போயிருந்தது. ஒரு விரற்கடை இருக்கும்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவளும் தம்பி ரூஃபஸும். ரூஃபஸ் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து கட்டிலோடு கிடப்பவன். அவன் எழுந்து வந்து கோப்பையைத் திருப்பியிருந்தால் அவள் ஊரைக் கூட்டி விருந்தே வைத்திருப்பாள்.

மறுநாளும் அதே கதை. கோப்பை மட்டுமில்லை. கதவோரம் ஜோடியாக விட்ட செருப்பு, மேஜை மேல் கிடந்த பைபிள், மூக்குக் கண்ணாடி, எல்லாமே யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகர்த்தியது போல இடது பக்கமாக ஒரே அளவு கோணியிருந்தன. பிப்ரவரி பிறந்ததும் ரூஃபஸின் கட்டில். நாலு சக்கரத்துக்கும் பூட்டுப் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டில் அது. சுவரை ஒட்டிப் போட்டிருந்தாள். தலைமாடு சுவரிலேயே இருக்க, கால்மாடு மட்டும் சுவரை விட்டு விலகியிருந்தது.

வெர்னெலுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பதினோரு வருஷம் தொண்டை கிழியக் கத்தி வாங்கிய வீட்டில் தரை கோணல் என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

ஹார்லெமில் இந்தக் கட்டடம் நிற்கிற இடம் முன்பு பஸ் டிப்போ. அதற்கும் முன்னால், இந்தத் தெருக்களே போடாத காலத்தில், கறுப்பர்களின் இடுகாடு. அடிமைகளாகச் செத்தவர்களையும் விடுதலை வாங்கிச் செத்தவர்களையும் அங்கேதான் புதைத்தார்கள். பிறகு மேலே தாரை ஊற்றி பஸ் நிறுத்தினார்கள். ரூஃபஸே அங்கே இருபத்தாறு வருஷம் மெக்கானிக்காக இருந்தான், காலுக்குக் கீழே யார் என்று தெரியாமலே. டிப்போவை இடித்தபோது எலும்பு கிளம்பியது. அன்றிலிருந்து சர்ச் சார்பில் கமிட்டி, கமிட்டிக்கு வெர்னெல் தலைவி, மனு, ஊர்வலம், கூட்டம், தேதி தள்ளிவைத்த கூட்டம். செத்தவர்களுக்கு ஒரு நினைவுத் தோட்டம், உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் வீடு. இரண்டும் இல்லாமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்தாள். வாங்கினாள்.

வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தபோது அவள் எண்ணும் விழுந்தது. சர்ச்சே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. பழைய வீடு ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூன்று வருஷம் ரூஃபஸின் கால் தெருவில் படவில்லை. இங்கே முதல் மாடி, லிஃப்ட், அகலமான கதவு. ஜன்னலுக்குக் கீழேயே தோட்டம். வந்த அன்று சக்கர நாற்காலியில் கீழே கூட்டிப் போனாள். அவன் இடது கையால் புல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதான். அந்த அழுகைக்காக இன்னும் பதினோரு வருஷம் கத்தலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அதனால் தரையைச் சரி செய்யச் சொல்லி நிர்வாக அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். பிறகு மிஸ் ப்ரூயிட் என்ற பெண் லைனில் வந்தாள்.

"கட்டில் நகருதுன்னு எழுதிக்கட்டுமா மேடம்?"

"கட்டில் நகரலம்மா. தரை கோணல். கட்டில் நகருதுன்னு எழுதினா எனக்குக் கழண்டுடுச்சுன்னுல்ல நினைப்பே?"

மறுநாள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வில்ஃப்ரெடோ ரசமட்டத்தோடு வந்தான். நல்ல பையன், டொமினிக்கன்காரன், வாயில் எப்போதும் மிட்டாய். நாலு மூலையிலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான்.

"மிஸ் டிஸ்டேல், இங்க ஒரு கோலியை விட்டாக்கூட உருளாது. அவ்வளவு சமம்."

"அப்ப கட்டிலை நானா தள்ளறேன்?"

"நான் அப்படிச் சொல்வேனா? உங்ககிட்ட அடி வாங்க எனக்குத் தெம்பில்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தவன், குனிந்து தரைப் பக்கம் காதைக் கொடுத்தான். சிரிப்பு நின்றது. "கீழ யாரு சாமான் இழுக்கறாங்க?" என்றான். கீழே யாரும் குடியில்லை. தோட்டத்தைப் பார்த்த வெறும் கூடம். அவன் மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டு வேகமாகக் கிளம்பிவிட்டான். சாயங்காலம் போனுக்குச் செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது.

அதன் பிறகுதான் அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றுப் பாலத்தின் மேல் முதல் லாரிகள் ஓடத் தொடங்கும் நேரத்தில், குழாய்களின் முனகலுக்கும் அடியில், ஈர மண்ணில் மரத்தை இழுக்கிற சத்தம். கொஞ்சம் இழுக்கும், நிற்கும், மூச்சு வாங்கிக்கொள்வது போல மௌனமாக இருக்கும், மறுபடி கொஞ்சம் இழுக்கும். கூடவே ஒரு வாடை. மழை பெய்த மண்ணும் பழைய எஞ்சின் எண்ணெயும் கலந்த வாடை. எத்தனை தடவை தரையைத் துடைத்தாலும் அது போகவில்லை. எழுந்து விளக்கைப் போட்டால் எல்லாம் அடங்கிவிடும். கட்டில் மட்டும் இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். அவள் சக்கரத்தை ஒட்டித் தரையில் பென்சிலால் கோடு போட்டு வைத்தாள். பிப்ரவரி முடிவதற்குள் கோடுகள் இருபது ஆயின.

ஒரு காலை, கிரிட்ஸ் கஞ்சியை அவள் ஊட்டிக்கொண்டிருந்தபோது ரூஃபஸ் ஸ்பூனை நாக்கால் தள்ளினான்.

"வெர்னி. கிழக்கு அங்க இல்ல."

"எங்க இல்ல? வாயை மூடிட்டுச் சாப்பிடு."

"வாயை மூடிட்டு எப்படிச் சாப்பிடறது?" பாதி முகம் சிரித்தது. பிறகு அதுவும் அடங்கியது. வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் அவனுக்கு வரும். "டிப்போல குழிக்குள்ள நின்னு வேலை பாத்தவன் நான். டிசம்பர்ல காலை வெயில் தெருவோட நேரா வரும். மார்ச்ல பஸ்ஸுக்கு அடியில கோணலா விழும். வருஷா வருஷம் பாத்திருக்கேன். இந்தத் தெருதான் கோணல், வெர்னி. நாமதான் ஆத்துப் பக்கத்தைக் கிழக்கு கிழக்குன்னு சொல்லிட்டிருக்கோம்."

ஸ்பூன் அவள் கையிலேயே நின்றது.

போன டிசம்பரில் பதினான்கு மரப்பெட்டிகளில் எலும்புகளைத் திரும்பத் தோட்டத்து மண்ணில் இறக்கி, மேலே வரிசையாக நினைவுக் கல் பதித்தார்கள். முன்னோர்களின் வழக்கம், தலை மேற்கே, கால் கிழக்கே. கடைசி நாளில் எழுந்து உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே சூரியன் இருக்க வேண்டும். மேஸ்திரி பாக்கெட்டிலிருந்து திசைகாட்டியை எடுத்தபோது வெர்னெல் அவனை எல்லார் முன்னாலும் வாரினாள். "நான் இந்தத் தெருவுல பொறந்தவ தம்பி. கிழக்கு எதுன்னு எனக்கு இந்த பொம்மையை வச்சா சொல்லித் தரப் போறே?" கறுப்புக் கையுறை போட்ட கையை ஆற்றுப் பக்கம் நீட்டினாள். சரியாக அந்த நேரம் தெருவின் முடிவில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, சூரியன் எழுந்தது. எல்லாரும் ஆமென் சொல்லி அழுதார்கள்.

இன்னொன்றும் இப்போது நினைவுக்கு வந்தது. தோண்டியபோது ஒருவர்கூடத் தெருவுக்கு நேராகக் கிடக்கவில்லை. பஸ் பாரத்தில் மண் நகர்ந்துவிட்டது போல என்று பேசிக்கொண்டார்கள். மண் எங்கே நகர்ந்தது? தெருதான் அவர்களுக்குப் பின்னால் வந்தது.

போனில் இருந்த திசைகாட்டியைத் தரையில் வைத்தாள். அது காட்டிய கிழக்கு, ஜன்னலை விட்டு நன்றாக இடது பக்கம், பாலத்துக்கு அப்பால் இருந்தது. கட்டிலின் கால்மாடு கிட்டத்தட்ட அந்தத் திசைக்கே திரும்பிவிட்டது.

அன்றைக்கே மிஸ் ப்ரூயிட்டைக் கூப்பிட்டாள். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அந்தப் பெட்டிங்களைத் திருப்பி வைக்கணும்னா?"

"ஒரு பேச்சுக்குக்கூட அதைக் கேக்காதீங்க மேடம். மேல இருக்கற கல்லை எடுக்கணும். மூணு இலாகா கையெழுத்து வேணும். முதல் மாடி முழுக்க காலி பண்ணணும், ஒண்ணரை வருஷம்."

"காலி பண்ணினா நாங்க எங்க போறது?"

"திரும்ப குலுக்கல்லதான் பேர் கொடுக்கணும். ஏன், யாராவது ஏதாவது தப்பு பண்ணிட்டாங்களா?"

வெர்னெல் கண்ணை மூடினாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்தான். இந்தக் கைதான். சொன்னால் ரூஃபஸுக்குப் புல் இல்லை, லிஃப்ட் இல்லை, ஏதாவது ஒரு ஐந்தாவது மாடி.

"இல்லம்மா. சும்மாதான் கேட்டேன்," என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு தன் மேலேயே வந்த ஆத்திரத்தில் போனைச் சோபா மேல் எறிந்தாள். போன் விழுந்து, மெல்ல இடது பக்கம் திரும்பியது. அவள் கண் முன்னாலேயே.

மார்ச் பத்தொன்பதாம் தேதி பொழுது சாயும் நேரம். தண்ணீர்ச் செம்போடு கீழே போனாள். தோட்டத்தில் யாரும் இல்லை. புல் சில்லென்றிருந்தது. கல்லின் முன் நின்று, கமிட்டிக் கூட்டத்தில் பேசுகிற அதே குரலில், பாதி கெஞ்சலும் பாதி அதட்டலுமாகப் பேசினாள்.

"தப்பு என் பேர்லதான். ஒத்துக்கறேன். ஆனா பதினோரு வருஷம் உங்களுக்காகத்தானே செருப்பு தேய நடந்தேன்? தாருக்கு அடியில கிடந்தவங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் பெரிசா? என் தம்பி இருக்கற வரைக்கும் பொறுத்துக்கங்க. அவ்வளவுதான் கேக்கறேன். அவன் போனதும் எனக்கு வீடு எதுக்கு? நானே வந்து மண்ணைப் பறிச்சு உங்களைத் திருப்பி வைக்கறேன். சத்தியம்."

தண்ணீரை மண்ணில் ஊற்றினாள். சொட்டுக்கூடத் தேங்காமல் மண் உறிஞ்சிக்கொண்டது.

அன்று பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். இழுக்கிற சத்தம் இல்லை. வாடை இல்லை. விழித்தபோது ஜன்னல் வெளுக்கத் தொடங்கியிருந்தது. சமையல் மேடையில் கை நீட்டினாள். கைப்பிடி விரலுக்குள் வந்தது. ஆற்றுப் பக்கத்து ஜன்னலை நேராகப் பார்த்துக்கொண்டு, முதல் நாள் வைத்தபடியே. செருப்பும் நேராக. பைபிளும் நேராக.

ஒத்துக்கொண்டார்கள். கேட்டுவிட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ரூஃபஸ்! டேய், கேட்டுட்டாங்கடா!"

அவன் கட்டிலுக்கு ஓடினாள்.

கட்டில் சுவரை ஒட்டி நேராக இருந்தது. நாலு சக்கரமும் பூட்டியபடி. போர்வை ஒரு சுருக்கமில்லாமல் விரித்துக் கிடந்தது. அதன் மேல் யாரும் இல்லை.

சக்கர நாற்காலி மூலையில். அவன் செருப்பு அதன் கீழே. குளியலறை. காலி. கூடம். காலி. வாசல் கதவு. உள்பக்கச் சங்கிலி போட்டபடி.

தம்பி இருக்கற வரைக்கும்.

தான் சொன்ன வார்த்தை காதில் திரும்பக் கேட்டது. அவன் போனதும் நானே வந்து. சத்தியம்.

ஜன்னலுக்கு நடந்தாள். பார்க்காமல் இருக்க முடியுமா? குனிந்து பார்த்தாள்.

புல் முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்த வெள்ளையில், ஆள் நீளத்துக்கு அழுந்திய பச்சைத் தடங்கள். கல்லின் வரிசைக்கு ஒத்துப்போகாமல், தெருவுக்கு ஒத்துப்போகாமல், எல்லாம் ஒரே கோணத்தில். பதினான்கு. சில குட்டையாக, குழந்தை நீளத்துக்கு.

பதினைந்தாவதில் ரூஃபஸ் கிடந்தான். இரவுச் சட்டையோடு, மல்லாந்து. இரண்டு கையும் நெஞ்சின் மேல் குறுக்காக. மூன்று வருஷமாக அசையாத வலது கை, மேலே. பாலத்துக்கு அப்பாலிருந்து சூரியனின் முதல் விளிம்பு எழுந்து, அவன் பாதங்கள் இரண்டின் நடுவே நேராக வந்து நின்றது. அவன் கண் திறந்திருந்தது. மூச்சு ஆவி இல்லை.

ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

அவனுக்குப் பக்கத்தில், பனி கலையாத வெள்ளைப் புல்லில், ஏதோ அசைந்தது. அங்கே யாரும் இல்லை. புல் மட்டும் மடங்கியது. முதலில் ஒரு தலை அளவு. பிறகு தோள் அகலம். பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், இடுப்பு வரை.

கால் பக்கம் இன்னும் மடங்கிக்கொண்டிருந்தது. சரியாக அவள் உயரத்துக்கு.