குலக்குப்பி

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் பல் ஆடும். யாரும் பதறுவதில்லை. ஈர்ப்பு குறைந்த அந்த மண்ணில் தாடை எலும்பு கரைவது சளி பிடிப்பதைப் போல வழக்கமான ஒன்று. செவிலி ஈறுகளை விலக்கி, பல்லின் வேரில் சிப்பிக்கூழைத் தடவித் தைப்பாள். பற்சிப்பியை உருவாக்கும் புரதங்களால் ஆன அந்தக் கூழ், பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் எலும்பையும் மறுபடி வளரச் செய்யும். சில மாதங்களில் பல் இறுகிவிடும்.

கூழ் வீட்டுக்கு வீடு வேறு. முதல் கப்பலில் வந்தவர்கள் மேல்வளையத்தில் குடியேறினார்கள். பின்னால் வந்தவர்களுக்குக் கீழ்வளையம். எல்லோரும் தத்தம் குடும்பப் பெயர் பொறித்த கூழ்க்குப்பியோடுதான் வந்தார்கள். அந்தக் கூழ் முன்னோரின் பால்பற்களிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டார்கள். ஒரு வீட்டுக் கூழை இன்னொரு வீட்டார் வாயில் வைப்பதில்லை. கீழ்வளையத்துக் கூழ் என்றால் மேல்வளையத்தார் கையாலும் தொடமாட்டார்கள்.

மேல்வளையத்துத் தணிகாசலத்துக்கு வயது எழுபத்தொன்று. அந்த ஆண்டு அவர் வீட்டு உறைபெட்டி பழுதாகி, குலக்குப்பி கெட்டுப்போனது. பூமியிலிருந்து அதே பெயரில் புதுக்குப்பி வர ஏழு மாதம் ஆகும். மகள் மாதங்கிக்கு முன்பற்கள் நான்கும் அப்போதே ஆடத் தொடங்கியிருந்தன. குடியிருப்பின் அறிவிப்பாளர் அவள். காற்றுக்கதவுகளை அவள் குரல் கேட்டுத்தான் திறப்பார்கள், மூடுவார்கள்.

"எங்க வீட்டுக் கூழ் நிறைய இருக்குங்கய்யா. இன்னைக்கே வச்சிடலாம்," என்றாள் கீழ்வளையத்துச் செவிலி நாவரசி.

"தைக்கிறது உன் வேலை. அதோட நில்லும்மா," என்றார் தணிகாசலம்.

"நாக்கு பட்டாலே ஆடுதுப்பா. சோறு மெல்ல முடியல," என்றாள் மாதங்கி.

"கஞ்சி குடி. நாலு தலைமுறையா காப்பாத்துன வாய் இது. கண்டவங்க கூழை வச்சுக்கிட்டு நம்ம வீட்டுப் பேரை எப்படிச் சொல்லுவ?"

"பல்லே இல்லைன்னா மட்டும் எப்படிப்பா சொல்லுவேன்?"

அவர் எழுந்து போய்விட்டார். குடும்பத் தலைவரின் கைரேகை பதியாமல் செவிலியின் சிகிச்சை இயந்திரம் திறக்காது.

ஐந்தாம் மாதம் நான்கு பற்களும் விழுந்தன. கதவு திறந்ததா, மூடியதா என்று அவள் அறிவிப்பிலிருந்து யாருக்கும் விளங்கவில்லை. வேலை வேறொருத்திக்குப் போனது.

கப்பல் வந்ததும் தணிகாசலம் புதுக்குப்பியை இரு கைகளாலும் ஏந்தி, மகளோடு மருத்துவமனைக்குப் போனார்.

"விழுந்த பல்லுக்கு இது உதவாதுங்கய்யா. மிச்சப் பல்லுக்கு வைக்கிறேன்," என்ற நாவரசி, கூழ் எதிலிருந்து எடுத்தது என்று காட்ட, புதிய சட்டப்படி குப்பியோடு வந்த மூலச்சீட்டை உரக்கப் படித்தாள். பன்றிக்குட்டிகளின் முளைக்காத பற்கள். நூற்றிருபது ஆண்டுகளாக அதுவேதான்.

தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க வீட்டுது?" என்று மாதங்கி குழறலாகக் கேட்டாள்.

"எங்களதும் பன்னிதாம்மா. எல்லார் வீட்டுதும்."

மாதங்கி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நாவரசி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அந்தச் சீட்டை நல்லாப் பாரு. எங்க பன்னியும் உங்க பன்னியும் ஒரே பட்டியா?"

"வேற வேற பட்டிங்கய்யா."

"அப்படிச் சொல்லு," என்று நிமிர்ந்து உட்கார்ந்த தணிகாசலம், இயந்திரத்தில் கட்டைவிரலை அழுத்தினார்.