ஓட்டில் விழுந்த துளை

காலையில் பர்வீன் பானு படம் எடுத்தபோது அந்த நத்தை ஓட்டில் துளை இல்லை. சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால், மூடியிருந்த ஸ்பிரிட் பாட்டிலுக்குள், ஓட்டின் நடுவில் வட்டமாக ஒன்று இருந்தது.

கடல் நத்தைகளின் உடலமைப்பை ஒப்பிட்டு இனம் பிரிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. பிற நத்தைகளைத் துளைத்துத் தின்பவற்றை, துளையை வைத்தே சொல்லிவிடுவாள். முள் நத்தையின் துளை நேராக இறங்கும். மணலுக்குள் ஊரும் உருண்டை நத்தையுடையது வெளியே அகன்று, உள்ளே சரிந்து குறுகும். லென்ஸில் பார்த்தாள். சரிவு இருந்தது. ஆனால் பாட்டிலில் இருந்தவை எல்லாம் போன வாரமே செத்தவை.

காரைக்குடியில் மதியத்திலிருந்தே மழை. கரண்ட் இல்லாத அந்த வாடகை வீட்டுக்குள் நனைந்த சுவரின் வாடையும், அதற்கு அடியில், இங்கே வர வழியே இல்லாத கடல் சேற்றின் கவிச்சியும் நின்றன. சமையலறையில் முட்டையை எடுத்தாள். கனமே இல்லை. அடியில் அதே சரிவோடு துளை. முற்றிய தேங்காயிலும் ஒன்று, விரல் நுழையும் அளவுக்கு.

உள்ளறையில் அரத்தால் எதையோ ராவுகிற மெல்லிய சத்தம் கேட்டது. அவள் அந்த அறை வாசலுக்கு வந்ததும் நின்றது.

அங்கே அவள் கணவன் அன்வர் சாதிக் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நத்தை சேகரிக்க அவளோடு தொண்டிக்குத் துணைக்கு வந்து, ஈர மணலில் தலைவைத்துத் தூங்கியவன். அன்றிலிருந்து தலை பாரம். டாக்டர் சளி என்று மாத்திரை கொடுத்திருந்தார்.

"எப்பருந்து இப்டிப் படுத்திருக்கீக மச்சான்? தலவலி எப்டி இருக்கு?"

"வலியெல்லாம் போயிருச்சு பானு. தல லேசா இருக்கு."

தலையணை ஈரமாக இருந்தது. ரத்தமில்லை. கோழை போல ஏதோ நூல் நூலாக இழுபட்டது.

அந்த உருண்டை நத்தை அவசரப்படாது. இரையை அணைத்துப் பிடித்து, ஓட்டை இளக்கி, சுரண்டி, நாள்கணக்கில் தின்னும். இரைக்குக் கடைசிவரை உயிர் இருக்கும்.

அவன் பிடரி முடியை ஒதுக்கினாள். வட்டம். விளிம்பைத் தொட்டாள். சரிவு. விரல் தானாக வழுக்கி உள்ளே போனது.

"எங்குட்டும் போயிறாத," என்றான் அன்வர், நிதானமாக. "இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. சீக்கிரம் முடிஞ்சி—"

விரல்நுனியில் குளிர்ந்த சதை ஒன்று பட்டது. பின்வாங்கியது. ஓட்டுக்குள் ஒடுங்கும் நத்தை வாசலை அடைத்துக்கொள்ளுமே, அது போலக் கெட்டியான மூடி ஒன்று உள்ளே சாத்திக்கொண்டது.

அன்வரின் பேச்சும் அதோடு நின்றது. சுவரைப் பார்த்தபடி அவன் கண்கள் மட்டும் இமைத்துக்கொண்டிருந்தன.