ஏழாம் டெப்பின் இடது மூலை

கலஹா பஸ் என்னை இறக்கிவிட்டபோது பகல் இரண்டு மணி. பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் தோட்டத்து லய வீடுகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய பனி, தேயிலைச் செடிகளை ஒவ்வொரு நிரையாக விழுங்கிக்கொண்டிருந்தது.

கண்டியில் உள்ள எங்கள் சிறிய நிறுவனம் எழுத்துப் பழக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்கிறது. திரையில் தெரியும் எழுத்தின்மேல் பிள்ளைகள் விரலால் எழுத வேண்டும். இந்தப் பள்ளிக்குக் கொடுத்த பத்து தொடுதிரை டெப்களில் ஏழாவதில் ஒரு சின்னப் பிழை: யாரும் தொடாமலே மேல் இடது மூலையில் தொடுகை பதிவாகிறது. அதைத் திருத்த வேண்டுமா, விட்டுவிடலாமா என்று பார்த்து எழுதுவது என் வேலை.

"விட்டுடலாம் நுஹா," என்று காலையிலேயே அலுவலகத்தில் என் மேலாளர் பஹீம் நாநா சொல்லியிருந்தார். "பேய் தொடுது என்டு மட்டும் ரிப்போட்ல எழுதிப்போடாதீங்க. சிரிப்பானுகள்."

வகுப்பறையில் வெண்கட்டித் தூளும் ஈரச் சாக்கும் மணத்தன. மரியகொறற்றி டீச்சர் எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தார். ஏழாம் டெப்பை மட்டும் அவர் வெறுங்கையால் தொடவில்லை. துணியில் சுற்றி, மேசையின் மறுமுனையில் வைத்திருந்தார்.

"எப்படியாச்சும் அந்த மூலைய மூடிருங்க மிஸ்."

"புள்ளைகளுக்கு எழுத ஏலாம ஈக்கிதா டீச்சர்?"

"அவங்க எழுதுறாங்க. எனக்குத்தான் பாக்க முடியல."

பாடத்தைத் திறந்தேன். தொடாமலே மூலையில் சிவப்பு மின்னியது. எழுத்துக்கு வெளியே விரல் பட்டால் மென்பொருள் பிழை என்று காட்டும் சிவப்பு. தொடுகை எந்த வழியாக நகர்கிறது என்று தெரிவதற்காகக் கோட்டைக் காட்டும் வசதியை இயக்கினேன்.

மேலிருந்து கீழே ஒரு கோடு. மிக மெதுவாக.

பிறகு அதைக் குறுக்கே வெட்டி இன்னொன்று.

"கூட்டல் குறி," என்றேன். "கணக்குப் பாடத்துல ஈந்து வந்து ஒட்டியீக்கும்."

டீச்சரின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"கணக்கில்ல மிஸ். சிலுவை."

இங்கே கத்தோலிக்கப் பிள்ளைகள் பக்கத்தின் தலையில் சிறு சிலுவை போட்ட பிறகுதான் எழுதத் தொடங்குவார்களாம். நான் சிறுவயதில் கொப்பியின் தலையில் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக 786 எழுதியதைப் போல.

"'அனற்'னு ஒரு புள்ள," டீச்சரின் குரல் தாழ்ந்தது. "இதுலதான் எழுதுவா. இதுலயும் சிலுவை போடுவா. ஒவ்வொரு தடவையும் செவப்புல பிழை காட்டும். ஒரு நாள் நல்லா ஏசிட்டேன். 'சிலுவை போடாம எப்படி டீச்சர் தொடங்குறது'ன்னு அழுதா. எழுதாமலே வீட்டுக்குப் போனா. அன்னைக்கு ராத்திரிதான் அவங்க லயத்து மேல மண்மேடு சரிஞ்சிச்சு."

மூலையை மூடினேன். இனி அங்கே விழும் தொடுகையை மென்பொருள் ஏற்காது. ஏற்காத தொடுகைகளின் எண்ணிக்கையை மட்டும் எனக்குக் காட்டும்.

ஒன்று.

டீச்சர் கண்களை மூடிக்கொண்டார்.

இரண்டு. மூன்று.

பதினேழு.

டெப்பின் கண்ணாடியில் டக், டக் என்று மெல்லிய சத்தம். சின்ன நகம் படும் சத்தம். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஆனாலும் அறைக்குள் புதிதாகத் தோண்டிய மண்ணின் மணம் ஏறியது.

நாற்பது. தொண்ணூறு.

"தொறந்து விடுங்க மிஸ்," டீச்சர் கிசுகிசுத்தார். "அவளால தொடங்க முடியல."

மூலையைத் திறந்தேன்.

சத்தம் நின்றது.

மேலிருந்து கீழே ஒரு கோடு. குறுக்கே ஒரு கோடு. சிவப்பு மின்னியது. டீச்சர் திரைக்கு அருகில் குனிந்தார்.

"போட்டுக்கம்மா. டீச்சர் ஏச மாட்டேன்."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, 'அ' என்ற எழுத்தின் சுழியில் ஒரு கோடு தொடங்கியது. நடுங்கி, வளைந்து, சிறிது நின்று, மறுபடி நகர்ந்து, கடைசிக் கோடுவரை போய் முடிந்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அறிக்கையை அங்கேயே எழுதினேன். சின்னப் பிழை. திருத்தத் தேவையில்லை.

டெப்பை அணைக்கும் முன்பே, திரை வழக்கம்போலக் கேட்டது: 'அடுத்த எழுத்தை எழுதுவோமா?'

எங்கள் நான்கு கைகளும் எங்கள் மடியில்தான் இருந்தன.

'ஆம்' என்ற பொத்தான் மெல்ல அமிழ்ந்தது.